ரேடியேட்டர் முன்னால் கட்டும் கம்பளி

நியுர்குன்,

மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி.

பக்கத்து வீட்டு எர்ச்சிம் அண்ணன் கார் ஹீட்டரைப் பார்த்தார். குழாயில் அடைப்பு இல்லையாம். "நின்னா சூடு வருது, ஓடுனா எதிர்க்காத்துல இன்ஜின் ஆறிப்போய் ஜில்லுங்குது. ரேடியேட்டருக்கு முன்னாடி கம்பளி கட்டாம இந்தக் குளிர்ல யாராவது வண்டி எடுப்பாங்களாம்மா?" என்று சிரித்தார்.

அக்டோபரில் நான்தான் கட்டினேன். இன்று அது உன் மீன்வலைக்கு அடியில் கிடந்தது.

"ஹீட்டர் சரியாகட்டும், அப்புறம் உங்கம்மா வீட்டுக்குப் போலாம்" என்று குளிர்காலம் முழுக்கச் சொன்னாயே! நானும் ஜன்னல் பனியைச் சுரண்டிக்கொண்டு கிடந்தேன். மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிரில் பெண்டாட்டியை அடைத்துவைக்கப் பூட்டு எதற்கு?

கம்பளியைக் கட்டிவிட்டேன். கையுறை இல்லாமலே ஓட்டலாம்.

துயாரா

பி.கு.: சாவியைத் தேடாதே. ராத்திரி உறையாமலிருக்கக் காருக்குப் போர்த்தும் தடித்த போர்வையை உன் கட்டிலில் விரித்திருக்கிறேன். இனி அது உனக்குத்தான் வேண்டியிருக்கும்.