மருந்து குடித்தான் என்றவர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஏலக்காய்த் தோட்ட முதலாளி இன்று எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்கே வந்தார். தை மாதம் என் வீட்டுக்காரர் அவர் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தார். "பெண்டாட்டியோடு சண்டை, மருந்தைக் குடித்துவிட்டான்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னவர் இவர். ஊரும் என்னைப் புருஷனைக் கொன்றவள் என்றது.

வேலையிடத்துச் சாவை முதலாளி மறைக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருப்பது தெரிந்ததும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். நாளை அதிகாரி விசாரிக்க வருகிறார்.

"ஆத்தா, பழசைக் கிளறாத. சண்டைன்னே சொல்லிரு," என்றார்.

"எங்க சண்டைய நீங்க எங்கன நின்னு பாத்தீக?"

கும்பிட்டார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை தெருவில் நின்றுதான் பேசுவேன். ஊர் முழுக்கக் கேட்கட்டும். இந்நேரம் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. எனக்கு வருகிறது.