பத்தாயத்தின் வாய் கீழே இருக்கிறது

தை 6, சனி

கடும் பனி. எட்டு மணிக்குப் பிறகே எதிர்வீட்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அறுவடை இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் விடியலிலிருந்தே.

இவ்வாரப் பணி: கல்லூரி மாணவர்கள் எடுத்த திகில் படத்தின் முன்னோட்டத்தையும் அதன் விளம்பரப் பொருள்களையும் மதிப்பிடுதல். புறத் தேர்வாளர் நான். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வில் எழுதித் தேறியவள். கிளை நூலகத்தைப் பெருக்க வந்து, அதே நூலகத்தின் உதவியாளராக ஓய்வு பெற்றவள். காட்சித் தொடர்பியல் துறையிலிருந்து முத்திரையிட்ட கடிதம். கடிதத்தில் பிழைகள் மூன்று. கோப்பில் பத்திரம்.

பதினொரு மணிக்கு இயக்குநர் வந்தாள். பெயர் கயல்விழி, இறுதியாண்டு, ஸ்கூட்டியில். இனி க.

"அம்மா, டிரெய்லர உங்க போன்லயே ஏத்திட்டேன். இது போஸ்டர், இது நோட்டீசு, இது பத்திரிகைக்குக் குடுக்கிற செய்தி. இந்தப் பெட்டிய மட்டும் கடைசியாத் தொறங்க."

"ஏன்?"

"முன்னாடியே பயந்துட்டீங்கன்னா மார்க்கு போடக் கை நடுங்குமே."

படத்தின் பெயர் ‘காலிப் பத்தாயம்’. கதைச் சுருக்கம்: பண்ணை வீடொன்றில் நெல் திருட வந்த எட்டு வயதுச் சிறுமி நெல் சேர்க்கும் மரப் பத்தாயத்துக்குள் சிக்கி இறக்கிறாள், அன்று முதல் உள்ளிருந்து தட்டும் ஓசை. பெட்டியும் பத்தாயத்தைப் போலவே அட்டையில் செய்தது.

சுவரொட்டி, 20க்கு 11. ‘திகிலூட்டும் திகில்’ என்றொரு தொடர். சிறுமிக்கு வெள்ளைப் புடவை. எட்டு வயதில் ஏன் புடவை? கேட்டேன்.

"பேயா நடிச்சது எங்க செட்டு பிரவீன்மா. அவன் அக்கா புடவை அதான் கெடச்சுது. மீசை தெரியாம எடுக்கவே ரெண்டு நாளாச்சு."

சிரித்தேன். அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை. சுவரொட்டியின் அடியில் ‘உண்மைச் சம்பவம்’ என்றும், அதன்கீழ் ஓர் ஊர்ப்பெயரும். நான் பிறந்த ஊர். க.வுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

மதியம்: ரசம், அப்பளம். சோறு கோழிகளுக்குப் போயிற்று.

தை 7, ஞாயிறு

பனி குறைவு. சாலையோரமெல்லாம் கொள்முதலுக்குக் காத்திருக்கும் நெற்குவியல்.

முன்னோட்டத்தை ஒலியை நிறுத்திவிட்டு நான்கு முறை பார்த்தேன். முதலில் காட்சி, மறுநாள் ஒலி. இது நானாக வகுத்துக்கொண்ட முறை. ஒன்றை மற்றொன்று மறைக்கக் கூடாது.

நன்று: ஓட்டுக் கூரையின் இடுக்கில் தூசி மிதக்கும் வெளிச்சம். பிரவீனின் கால் (மீசையைவிடப் பயமுறுத்துகிறது).
நன்றன்று: பத்தாயத்துக்கு அலமாரி போலக் கதவு. சிறுமி அதைத் திறந்துகொண்டு எழுந்து நிற்கிறாள்.

தாளில் எழுதியது, அப்படியே:

‘பத்தாயத்துக்குக் கதவு கிடையாது. நெல்லை மேலே கொட்டுவர். கீழேயுள்ள ஒரு முழ அகல வாயின் வழியே எடுப்பர். அவ்வாயை ஒரு தள்ளுபலகை மூடும். உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வராது. பாதத்தருகே ஒரு கோடாக வரும். அக்கோட்டில், வெளியே நிற்போரின் கால்கள் மட்டுமே தெரியும்.’

செம்மையான பத்தி. ஒரு சொல் மிகையில்லை. கைபேசியில் படமெடுத்து க.வுக்கு அனுப்பினேன். உடனே பதில்: கைகூப்பும் பொம்மைகள் ஆறு.

மாலையில்தான் உறைத்தது. உள்ளே இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதை உள்ளே இருந்தவளால் மட்டுமல்லவா எழுத முடியும். கோடிட்டு அழிக்கலாம். ஆனால் படம் போய்விட்டது.

தை 8, திங்கள்

காலை பத்து மணிக்கு ஒலியுடன் பார்த்தேன்.

ஒரு நிமிடம் நாற்பது நொடி. முடிவில் திரை இருள்கிறது. மரத்தில் தட்டும் ஓசை: இரண்டு அடுத்தடுத்து, சற்றுப் பொறுத்து ஒன்று. பிறகு ஓர் ஆண் குரல்.

"உள்ள யாரு?"

கைபேசியைத் தரையில் வைத்தேன். வைத்தேனா, விழுந்ததா என்று நினைவில்லை.

க.வை அழைத்தேன். குரல் யாருடையது?

"நம்ம தாளாளர் ஐயாம்மா. வாய்ஸ் நல்லா கம்பீரமா இருக்கும்னு கேட்டோம், ஒத்துக்கிட்டாரு. கடைசி வரி எங்க ஸ்கிரிப்ட்லயே இல்ல. மோதிரத்தால மேசையத் தட்டி அவரா சேத்தாரு. பசங்களுக்குப் புல்லரிச்சிருச்சு."

"ஊரார் சொன்ன கதையில் அந்தக் கேள்வி உண்டா?"

"இல்லம்மா. பேய் தட்டும், எல்லாரும் ஓடுவாங்க, அவ்ளோதான். ஆங், நீங்க எழுதினத அவருக்கும் காட்டினேன். ரெண்டு தடவ படிச்சாரு. இந்தம்மா எந்த ஊருன்னாரு. தெரியாதுன்னேன். வீடு எங்கன்னாரு. சொன்னேன். ஏம்மா, தப்பா?"

"தவறில்லை" என்றேன்.

தாளாளரின் பெயரை இக்குறிப்பேட்டில் எழுத அச்சம். இனி தா.

இதுவரை எங்கும் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பேய் நான்தான். திருட வரவில்லை, வேலைக்கு வந்தேன். தை அறுவடைக்கு முன், மார்கழிக் கடைசியில் பத்தாயம் ஒழிந்து கிடக்கும். பழைய நெல்லையும் வண்டையும் கூட்டித் தள்ள ஆள் உள்ளே போக வேண்டும். அவ்வாயில் பெரியவர் உடல் நுழையாது. எனவே பண்ணையாட்களின் பிள்ளைகளை விடுவார்கள். அவ்வாண்டு என் முறை. அம்மா வெளியே முறத்துடன்.

கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுச் சங்கம் செங்கொடி ஏற்றிய ஆண்டு அது. பேச்சுவார்த்தை என்று அப்பாவைப் பண்ணை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். நெல்லறைக்குள் ஆட்கள் வந்தனர். அம்மாவைப் போகச் சொன்னார்கள். அவள் போகுமுன் பலகையைக் காலால் தள்ளி மூடினாள். விரற்கடை இடைவெளி எஞ்சியது.

மூன்று சோடிக் கால்கள். நான்காவது அப்பாவுடையது, அதில் சேறு காய்ந்திருந்தது.

"சங்கத்த விட்டு வெலகுறேன்னு ரேகை வை."

"வைக்க மாட்டேங்க."

பிறகு நெல்மூட்டை சாய்வது போன்ற ஓசை. தூசியில் எனக்குத் தும்மல். பத்தாயத்தின் மேல் தட்டல்: இரண்டு, பொறுத்து ஒன்று. "உள்ள யாரு?" வேறொரு குரல், "எலியா இருக்கும், வாங்க." அறைக்கதவைப் பூட்டிச் சென்றனர்.

மறுநாள் உள்ளிருந்து நகராத பலகையை நான் தட்டத் தட்ட, கேட்ட சமையற்காரர் அலறி ஓடினாராம். பேய் பிறந்தது அப்படித்தான். நண்பகலில் கதவு திறந்த நேரம் பார்த்து அம்மா வந்து இழுத்தெடுத்தாள். அதற்குள் அப்பாவை வாய்க்காலில் கண்டெடுத்திருந்தார்கள். போதையில் விழுந்தான் என்று பதிவு. என் அப்பா கள்ளைத் தொட்டதில்லை.

அம்மா தலையில் கைவைத்து வாங்கிய சத்தியம்: "நீ அங்க இல்ல. நீ எதையும் கேக்கல."

‘உள்ள யாரு?’ என்று கேட்டவன் யார் என்று எனக்குத் தெரியாது. பண்ணைக் கணக்கைப் பார்த்த காரியக்காரர் என்றே எண்ணியிருந்தேன். அவர் எப்போதோ இறந்தார். பண்ணையின் மகன் அன்று சென்னையில் படித்துக்கொண்டிருந்ததாக ஊர் சொன்னது. அந்த மகன்தான் இன்று தா. எங்கள் நூலகத்துக்கு நாற்காலிகள் அளித்தவர். நன்றியுரையை நானே எழுதி வாசித்தேன்.

நான் எவரிடமும் சொன்னதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. ஆகவே அந்தக் கேள்வியை அறிந்தவர் அன்று அந்த அறையில் இருந்தவர்.

வேறு வழியாக எண்ணிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

தை 9, செவ்வாய்

மேகமூட்டம். நெல்லை மூடத் தார்ப்பாய் தேடி ஊரே அலைகிறது.

பெட்டியை இன்று திறந்தேன். மதிப்பெண் இட வேண்டுமே. மூடியைத் தூக்கியதும் அதே தட்டல், அதே கேள்வி. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் உள்ள கருவியாம். மூடினாலும் ஈரக்காற்றில் தானாகவே பேசுகிறது. அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஒருமுறை. துணி மடிக்கும்போது ஒருமுறை. போர்வை சுற்றிப் பரணில் வைத்தேன். போர்வைக்குள்ளிருந்தும் கேட்கிறது. புதுமைக்கு 10க்கு 9.

நான்கு மணிக்கு தா.வின் ஆள், ஒரு மூட்டை சீரகச் சம்பாவுடன். வெள்ளைச் சட்டை, கரைவேட்டி.

"ஐயா குடுத்தனுப்பிச்சாங்க. புது நெல்லு அரைச்சது."

"எதற்கு?"

"மரியாதைதாம்மா. அப்பறம், பத்தாயத்தப் பத்தி என்னமோ நாலு வரி எழுதியிருக்கீங்களாம். புள்ளைங்க கொழம்புதுங்க. அத அடிச்சுட்டா நல்லதுன்னாங்க."

"தகவல் சரியானது."

"சரியாத்தான் இருக்கும். யாரு இல்லைன்னா." வீட்டை மேலும் கீழும் பார்த்தான். "கட்டடம் உங்களுது. அடிமனை ஐயா வீட்டு டிரஸ்டுதான, நூலகத்தம்மா? இத்தன வருசமா ஒங்கள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருப்பாங்களா?"

இல்லை என்றேன். அதுவும் சரியான தகவல். முப்பத்தோராண்டு இவ்வீட்டில். பட்டா கேட்டு எழுதிய மனுக்கள் ஏழு, நல்ல தமிழில்.

மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். உள்ளே எடுக்கவில்லை. கோழிகள் கொத்துகின்றன.

தாளைப் புதிதாகப் படியெடுக்க உட்கார்ந்தேன். அப்பத்தியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். பக்கம் அழகாகவே வந்தது. அதுதான் அச்சமாக இருக்கிறது: எவ்வளவு எளிதாக விட்டுவிட முடிகிறது.

தை 10, புதன்

தூறல். பேருந்தில் கூட்டம். பையில் இரு தாள்கள்: பத்தி உள்ளது, பத்தி இல்லாதது.

கல்லூரி அரங்கு, முன்னோட்ட வெளியீடு. இருநூறு பிள்ளைகள் இருக்கலாம். முதல் வரிசையில் தா., அருகில் எனக்கு நாற்காலி. வெளுத்த தலை, கைத்தடி, மோதிரம். எழுந்து கும்பிட்டார். "ஒக்காருங்கம்மா. உங்க தமிழ் அருமை." நானும் கும்பிட்டேன்.

விளக்கணைந்தது. முன்னோட்டம். பிரவீனின் கால் வந்ததும் விசில். பிறகு இருள், தட்டல், "உள்ள யாரு?"

பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூவினார்கள், கூவி ஓய்ந்தார்கள். அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது.

"நான் இருந்தேன்."

உரக்கச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்குக் கேட்குமளவு. தா. திரும்பவில்லை. கைத்தடியின் மேலிருந்த விரல் தட்டுவதை நிறுத்தியது. வெற்றுத் திரையைப் பார்த்தபடியே:

"எலின்னுதான் சொன்னாங்க."

விளக்கு எரிந்தது. எங்களுக்கு முன்னால், நிகழ்ச்சியைப் படம்பிடித்தவாறு க. அவள் கண் ஒளிப்பதிவுக் கருவியில் இல்லை, என்மேல்.

பத்தி உள்ள தாளையே கொடுத்தேன். முன்னோட்டம் 50க்கு 38. ‘உண்மைச் சம்பவம்’ என்பதன் எதிரே எழுதியது: ‘சிறுமி திருட வரவில்லை. இறக்கவும் இல்லை. திருத்துக.’ கீழே கையொப்பம், பிறந்த ஊருடன்.

திரும்புகையில் ஒரு கார் பேருந்தின் பின்னாலேயே வந்தது. எல்லாக் காரும் அச்சாலையில்தானே வரும். கடைத்தெருவில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தேன்.

தை 11, வியாழன்

வெயில். நெல்லைக் கிளறிவிட்டிருக்கிறார்கள், தெருவெங்கும் புழுங்கிய நெல்லின் வாடை.

ஏழரைக்கு இருவர் வந்து நாடா பிடித்து என் மனையை அளந்தனர். எதற்கு என்றேன். "அளக்கச் சொன்னாங்க, அளக்குறோம்." கிணற்றடியில் ஒரு முளை அடித்தனர், முருங்கைக்கருகில் ஒன்று.

செய்ய வேண்டியவை:
மனுக்களின் படிகள், இரும்புப் பெட்டியிலிருந்து.
அம்மாவின் இறப்புச் சான்று.
கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.
கோழிகள், எதிர்வீட்டில்.

அம்மாவிடம் மன்னிப்பு. எழுதிக் கேட்பதா, வாயால் கேட்பதா? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பெட்டி இன்று பேசவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கும். ஆயினும் காது அங்கேயே இருக்கிறது.

பத்தேகால். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பேனா நின்றது. மீண்டும். சன்னலருகே போகத் துணிவில்லை. "யாரது?" என்றேன், குரல் எட்டு வயதுக் குரலாக வந்தது.

"நான்தாம்மா, கயலு. நேத்து அவரு சொன்னது கேமராவுல விழுந்திருக்கு. துறையில அழிக்கச் சொல்றாங்க, நான் இன்னும் அழிக்கல. அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு நீங்க சொல்லணும். கேமரா கொண்டாந்திருக்கேன், சார்ஜு ரெண்டு மணி நேரம் வரும். தொறங்கம்மா."

இரண்டு மணி நேரம் போதாது என்று சொல்ல வேண்டும்.