எங்கிட்ட சொல்லாம சொல்லிட்டீங்க

ஜூலை 12
ஒன்பது வருஷம் சின்ன வகுப்புகளுக்கு மாணவர் ஆலோசகராக இருந்தேன். இன்றிலிருந்து பதினொன்றும் பன்னிரண்டும். பழைய அறையில் துணிப் பொம்மைகள், முழங்கால் உயர நாற்காலிகள். இங்கே இரும்பு அலமாரி, கல்லூரி விண்ணப்பக் கட்டுகள், என்னைவிட வளர்ந்த பிள்ளைகள். பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் கேட்டது படிவம்தான். ஒருவர்கூட அழவில்லை. அதுதான் உதைக்கிறது.

ஜூலை 14
நடு வகுப்புகளின் ஆலோசகரிடம் புலம்பினேன். சிரித்தார். "உங்க பிள்ளைங்க அழுது சொல்லும். என் பிள்ளைங்க சண்டை போட்டுச் சொல்லும். இதுங்க படிவம் கேக்கற மாதிரி வந்து சொல்லும். காதைத் தீட்டி வெச்சுக்குங்க."

ஜூலை 20
ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண். எல்லோரும் 'முன்பெஞ்சு' என்பார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. இயற்பியல் வகுப்பு என்றாலே மூச்சு அடைக்கிறதாம். மூன்று வாரமாக அந்த நேரம் முழுக்கக் கழிப்பறையில் நிற்கிறாளாம். வரலாற்றுப் பிரிவுக்கு மாற ஆசை. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். நானே சொல்றேன்."
தலையாட்டினேன்.
மூன்று மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். பழக்கதோஷம். சின்ன வகுப்பில் எந்தப் பிள்ளை அழுதாலும் பள்ளி விடுவதற்குள் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன். அம்மாக்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்வார்கள். இந்த அம்மா கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஜூலை 21
முன்பெஞ்சு வரவில்லை.

ஜூலை 22
இன்றும் இல்லை. மறுபடி போன் செய்தேன். அம்மா சொன்னார்: "கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா. உங்ககிட்ட இனி வாயே திறக்கமாட்டாளாம்."
தலையாட்டினேனே — அது வாக்கு இல்லையா? அவ நல்லதுக்குத்தானே பண்ணேன்? இல்ல... எனக்குப் பயமா இருந்துச்சு. பொறுப்பைத் தூக்கி அந்த அம்மா தலையில போட்டுட்டேன். அதான் உண்மை.

ஜூலை 23
தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "உயிருக்கு ஆபத்துன்னா உடனே சொல்லணும். இது அப்படியா?" இல்லை. "அப்போ அவளையும் உட்கார வெச்சுப் பேசியிருக்கலாமே."
வீட்டில் இவர், "ஒரு பொம்மையைக் கையில குடுத்திருக்கலாம்" என்று கிண்டல். எரிந்து விழுந்தேன். பாவம், தட்டோடு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 27
வந்துவிட்டாள். வராந்தா காலியானதும் சொன்னேன்: "சரின்னு தலையாட்டிட்டு மீறிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ."
என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மாகிட்ட சொன்னதுகூடப் பரவாயில்ல மிஸ். எங்கிட்ட சொல்லாம சொல்லிட்டீங்க."
போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6
பிரிவு மாற்றத்துக்கு வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அம்மாவின் கையெழுத்தோடு படிவத்தை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள். என் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

ஆகஸ்ட் 18
மதியம் வேறொரு பெண் வந்தாள். அவள் ஆரம்பிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன் — எதை வெளியே விடாமல் வைத்திருப்பேன், எதை வைத்திருக்க முடியாது என்று. சொல்லியே ஆக வேண்டியதென்றால், முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்றும்.
"தெரியும் மிஸ். முன்பெஞ்சுதான் அனுப்பிச்சா. அந்த மிஸ் ஒரு தடவை தப்புப் பண்ணிட்டாங்க, இனிமே பண்ணமாட்டாங்கன்னு சொன்னா."
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.