மார்ச் பதினான்கின் முத்திரைகள்

ஒசாகா
ஜூன் 2, 1963

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட துணி மூன்று நாளாக ஈரம். நான் நன்றாக இருக்கிறேன். அங்கே ஹாம்பர்க்கில் சோறு கிடைக்கிறதா, வெறும் ரொட்டிதானா?

நம் ஷிராதோ கம்பெனியில் எதுவும் மாறவில்லை. காலையில் கம்பெனிப் பாட்டு. அப்புறம் ரேடியோக்கள் வரிசையாக வரும், நான் சோதித்து முத்திரை குத்துவேன். நான்கு வருஷம் வெளிநாட்டுக் கிளைக்குப் போகிறேன் என்று நீங்கள் மேலாளரிடம் தலையாட்டிவிட்டு வந்த சேதியைப் பக்கத்து வீட்டு இசோபே அக்கா வந்துதான் எனக்குச் சொன்னாள். அது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீங்கள் கப்பலேறிய அன்றும் துறைமுகத்துக்கு வராமல் வேலைக்குத்தான் போனேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

விவாகரத்துப் படிவம் இத்துடன். கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையை வைத்துவிட்டேன். உங்களுடையதை வைத்து அனுப்புங்கள். குளிருக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபுசே

*

ஹாம்பர்க்
ஜூன் 20

அன்பு ஃபுசே,

படிவம் வந்தது. என் முத்திரை எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தேடுகிறேன்.

இங்கே ஒரு தலைவலி. நம் ரேடியோக்களில் பன்னிரண்டு திரும்பி வந்துவிட்டன. குமிழைத் திருகினால் உள்ளே நிலையம் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் கழன்றுவிடுகிறது. "ஜப்பான்காரா, பொம்மை விக்கிறியா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார். பழுது பார்க்கத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் சோதனைச் சீட்டு, அதில் சிவப்பு மையில் நம் குடும்பப் பெயர் 'குரமோச்சி'. உன் முத்திரை.

சீட்டுகளை அனுப்பச் சொல்லித் தலைமையகத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது. தொலைந்துவிட்டன என்று சொல்லிவிடப் போகிறேன். நீ கவலைப்படாதே.

சடாவோ

*

ஒசாகா
ஜூலை 3

என்னங்க,

மறுபடியும் என்னைக் கேட்காமல் எனக்காக ஒரு முடிவா? பட்டும் புத்தி வரவில்லையே உங்களுக்கு!

முத்திரை குத்தியவள் நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? பன்னிரண்டையும் அனுப்புங்கள். எல்லார் முன்னாலும் தலை குனிய எனக்குத் தெரியும்.

முத்திரையைத் தேடுகிறாராம்! கோட்டின் உள்பையில் வைத்துத் தைத்துக் கொடுத்ததே நான்தானே. யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

ஃபுசே

*

ஹாம்பர்க்
ஜூலை 15

அன்பு ஃபுசே,

சீட்டுகளை அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டிலும் ஒரே தேதி. மார்ச் பதினான்கு.

உன் முத்திரையோடு இங்கே எண்ணூறு ரேடியோவாவது வந்திருக்கும். மற்ற நாட்களில் நீ குத்தியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அன்று கப்பலின் மேல்தளத்தில் எல்லாரும், வழியனுப்ப வந்தவர்கள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளக் கரைக்குக் காகிதச் சுருள் வீசினார்கள். நானும் ஒன்று வாங்கிவைத்திருந்தேன். பிடிக்க ஆளில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ "வேண்டாம்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். தப்பு என்னுடையது, ஃபுசே. மன்னித்துவிடு.

முத்திரை உள்பையில்தான் இருக்கிறது. இன்னொரு முறை நீ கேட்டால் வைத்து அனுப்பிவிடுவேன். கேட்காதே.

சடாவோ

*

ஒசாகா
ஆகஸ்ட் 1

அன்புள்ள உங்களுக்கு,

சீட்டுகள் வந்த மறுநாள் காலைப் பாட்டு முடிந்ததும் பிரிவுத் தலைவர் என்னை முன்னால் கூப்பிட்டார். இடுப்பு வளைய வணங்கினேன். "ஒம்பது வருஷத்துல ஒரு தப்பு இல்ல. அன்னிக்கு மட்டும் என்னம்மா ஆச்சு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கப்பலேறினாருங்க" என்றேன்.

பத்து நாள் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்கு அனுப்பினார், அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எழுதினேனே, பச்சைப் பொய். அன்று எனக்கு நூலே கண்ணுக்குத் தெரியவில்லை.

என் சோதனை முத்திரையை வாங்கி உடைத்துவிட்டார்கள். நேற்றுப் பழைய வேலைக்குத் திரும்பப் போனபோது, "புதுசுல என்ன பேரு வெட்டணும், உங்க அப்பா வீட்டுப் பேரா?" என்று கிடங்குக்காரர் கேட்டார். ஊருக்கே தெரியும் போலிருக்கிறது நம் சண்டை! "இருக்கிற பேருதான்" என்றேன்.

அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். இத்துடன் வேறொன்று வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கிளைக்கு மனைவியை அழைத்துக்கொள்ளக் கம்பெனிக்குக் கொடுக்கும் விண்ணப்பம். இரண்டு பேர் முத்திரையும் வேண்டுமாம். என்னுடையது வைத்தாகிவிட்டது.

முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்: நான் வரட்டுமா?

ஃபுசே