மடக்கை பூச்சியத்தைத் தொடும் இடம்

1979 பெப்ரவரி 11, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் வாசலில் மூர்த்தி நிற்கிறார். விநாயகமூர்த்தி. கொழும்புக் கந்தோரில் நான் கம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதிய ஆறு வருடமும் அடுத்த மேசையில் இருந்த தண்ணீர் எஞ்சினியர். தமிழரை அடித்த 77 கலவரத்தில் நான் கப்பலேறி என் ஊரான ஊர்காவற்றுறைக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறார். கக்கத்தில் மெசினில் அச்சடித்த, பச்சைக் கோடு போட்ட நீளக் கடதாசி.

செருப்பைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் போய்விட்டேன். மனிதரைப் பார்த்தா, கடதாசியைப் பார்த்தா?

புங்குடுதீவில், அவருடைய ஊரில், நிலத்தடி நீர் ஊறுகிற நீளமான கிடங்கு ஒன்று வெட்டி, நூறு வீட்டுக்குப் பைப்பில் குடிதண்ணீர் கொடுக்கப்போகிறார்களாம். "கணக்குச் சரியெண்டு மேலிடம் சொல்லுது. எனக்கு மனம் ஒப்பேல்லை, ஜசிந்தா. நீர் ஒருக்காப் பாரும்" என்றார்.

சைவக்காரருக்கு மீனில்லாமல் என்னத்தைச் சமைப்பது என்று அம்மா குசினிக்குள் பதறினார். மூர்த்தி மீன் சாப்பிடுவார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை – எப்படித் தெரியும் என்று கேட்பார்.

பெப்ரவரி 13

பள்ளிக்கூடத்தில் பின்னம் படிப்பித்தேன். மனம் முழுக்க அந்த மெசின் அறை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே பல் கிடுகிடுக்கும் குளிர். துளை போட்ட அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற சத்தம், தகரக் கூரையில் மழைபோல. எங்கள் முறை வரும்வரை மூர்த்தி கச்சான் கடலை வாங்கி வருவார். ஆறு வருடம் எதைப் பேசினோம்? தண்ணீர், கணக்கு, திரும்பவும் தண்ணீர்.

வேறும் பேசியிருக்கலாம்.

பெப்ரவரி 17

பிழையைப் பிடித்துவிட்டேன்!

கிடங்கில் தண்ணீர் இறைத்தால் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கும் என்பதைத் தூரத்தின் மடக்கை – லொகரிதம் – சொல்லும். தூரம் பூச்சியத்தை நெருங்க நெருங்க மடக்கை அடியில்லாத கிணறுபோலக் கீழே போகும். ஆனால் அந்த அடியில்லாக் கிணற்றின் பரப்புக்கு முடிவுண்டு: பூச்சியத்திலிருந்து ஒன்றுவரை தொகையிட்டால், குறியை விட்டுவிட்டால், சரியாக ஒன்று. படித்த நாளில் இதை முதலில் கண்டபோது பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதே சந்தோசம்.

நான் கொழும்பை விட்டு வந்த பிறகு யாரோ அந்தப் பரப்பைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுப்பெறுமானத்தையும் கூட்டியிருக்கிறார்கள். நான்கு துண்டுக்கு 0.916. பத்துக்கு 0.965. நூறு வெட்டினாலும் 0.9965. ஆழமான இடம் எப்போதும் முதல் துண்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. இவர்கள் வெட்டியது நான்கு.

வேறு இடமென்றால் இந்தச் சின்னப் பிழையைப் போகட்டும் என்று விடலாம். தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு நாற்பதடி ஏறும்.

வழி இருக்கிறது. மடக்கையை மட்டும் பிரித்தெடுத்துக் கையாலே தொகையிட வேண்டும். மிச்சம் சாதுவான சார்பு. அதை மெசின் பார்த்துக்கொள்ளும்.

பெப்ரவரி 18, ஞாயிறு

பஸ் பிடித்துப் புங்குடுதீவு போனேன். மூர்த்தியின் அம்மா அன்னபூரணம் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். நல்ல தண்ணீருக்கு அவ்வளவு தூரம். "பைப் வந்தா இந்த இடுப்புத் தப்பும், பிள்ளை" என்று சிரித்தார்.

வேலியோரம் மூர்த்தியிடம் சொன்னேன்: "நூறு வீட்டுக்குத் தண்ணி காணாது. அரைவாசி வீட்டுக்குத்தான்."

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். "எங்கடை வீடு கிடங்குக்குத் தூரம். முதல் வெட்டுப்படுறது இதுதான்."

"நான் என்ன செய்ய, மூர்த்தி?"

"கொழும்புக்கு வாரும். மெசினிலை போட்டுக் காட்டும். நான் வாயாலை சொன்னா நம்பமாட்டினம்."

பெப்ரவரி 19

கொழும்பா? ஏலாது.

ஏப்ரல் 9, திங்கள்

கொழும்புக்கு வந்துவிட்டேன். "உனக்கென்ன விசரே? அவ்வளவும் பட்டுமோ?" என்று அம்மா அழுதார். யாழ்தேவி ரயில், 77இல் தமிழரை அடித்த அனுராதபுரத்தில் நின்றபோது யன்னலைச் சாத்தினேன். ஏன் வந்தேன்? தண்ணீருக்காக என்று எழுதலாம். பாதி உண்மை.

ஏப்ரல் 10

மெசின் அறை என் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. குளிர் மட்டும் அதேதான். மெசினை இயக்குகிற சிங்களவர் சோமபால என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, "மிஸ்ஸி வந்தது நல்லது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

முதல் ஓட்டம் பிழை. ஒரு அட்டை இடம் மாறிவிட்டது. இரண்டாவது ஓடியது. நான்கு துண்டு, நாற்பது துண்டு – என் முறையில் விடை அசையவேயில்லை. பழைய முறையில் ஒவ்வொரு தடவையும் வேறு விடை. உப்பு ஏறாமல் இறைத்தால் ஐம்பது வீட்டுக்குத்தான் காணும்.

கந்தோர்ப் பெரியவர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி. ஊர்ச்சனத்துக்கு ஆர் சொல்றது?"

"நான் சொல்றன்" என்றார் மூர்த்தி.

வெளியே வந்ததும் கச்சான் வாங்கினார். காலிமுகத்திடலில் காற்று. "இண்டைக்கும் தண்ணிதானோ கதைக்கப்போறம்?" என்று கேட்டார்.

இல்லை. வேறும் பேசினோம்.

மே 20, ஞாயிறு

புங்குடுதீவுக் கூட்டம். தெற்கே கலவரத்தில் கடையை இழந்து வந்த செல்வரத்தினம் எழும்பினார். "கொழும்பான் நூறெண்டான். எங்கடை பொடியன் ஐம்பதெண்டுறான். நீங்கள் ஆர் பிள்ளை இதிலை?"

"கணக்குப் பார்த்தனான், ஐயா. நூறு வீட்டுக்கு இறைச்சா ஒரு கோடையிலை எல்லாருக்கும் உப்பு. பிறகு ஒருத்தருக்கும் இல்லை."

சத்தம். தீவுக்காரியே தீவுச்சனத்துக்குக் குழி பறிக்கிறாள் என்று யாரோ கத்தினார்கள். மூர்த்தி எழும்பி, "முதல் வெட்டுறது எங்கடை வீடு" என்றார். சத்தம் அடங்கியது. அவருடைய அம்மா எழும்பி, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

அந்த முதுகு! எனக்கு அழுகை வந்துவிட்டது.

யூன் 24

மூர்த்தி என்னைக் கட்டப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டார். அன்னபூரணம் அம்மா இன்னும் அவரோடு கதைக்கவில்லையாம். "நான் வேதக்காரி எண்டோ, பைப் இல்லையெண்டோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும்" என்றார் மூர்த்தி.

1980 செப்டெம்பர் 7, ஞாயிறு

மழை இல்லாமல் எத்தனை மாதம். கிடங்கில் நீர் இறங்கியிருக்கிறது. உப்பில்லை. காலையில் மாமி அன்னபூரணமும் நானும் பொதுப் பைப்படிக்குப் போனோம். எங்கள் ஒழுங்கையில் பைப் இல்லையே. மாமிக்கு இடுப்பு நோ, நான் தூக்க விடுவதில்லை. எனக்கு இரண்டு குடம்.

வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "அன்னபூரணமக்கா, மருமோள் கம்பியூட்டர் படிச்சவவாம். பிறகேன் குடத்தோடை நிக்கிறா?"

நான் குடத்தை ஓரடி முன்னுக்கு நகர்த்தினேன்.

"தான் போட்ட கணக்கைத் தானே சுமக்கிறா" என்றார் மாமி. "உன்ரை வீட்டிலை வாற தண்ணியைக் குடிச்சுப் பார். உப்புக் கரிச்சா வந்து சொல்லு."

திரும்பும் வழியில் அரசமரத்தடியில் நின்று மூச்சு வாங்கினேன். "ஒண்டை இஞ்சை தா" என்று, நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, ஒரு குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாமி முன்னால் நடந்தார்.