நாற்பத்தேழாம் எண் புட்டி

பாலக்கரை, திருச்சி.
14-9-1978

அன்பு மகன் கிளமென்டுக்கு அம்மா சகாயம்மாள் ஆசி கூறி எழுதுவது. மாதா தயவில் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம், அஸ்ஸாம் காட்டில் நீ சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபம் சொல்கிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றது. லீவில் வந்த உன் சிநேகிதன் ரத்தினவேலிடம் நீ கொடுத்தனுப்பிய மலேரியா மாத்திரையைத்தான் சாப்பிடுகிறேன், பெரியாஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டேன். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. காதுக்குள் பூசை மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாம் நல்லதுக்குத்தான். மழையில் நனையாதே.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இனி ரோசரி நானாக எழுதுவது. அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள், இன்லண்ட் மடிப்பில் மிச்சமிருந்த இடத்தில் எழுதுகிறேன். உனக்கு மூளை இருக்கிறதா? மிலிட்டரி மருந்து என்றுதானே சொல்லி அனுப்பினாய்? நேற்று ரத்தினவேல் அண்ணன் லால்குடியிலிருந்து வந்தபோது சிரித்துக்கொண்டே சொல்கிறார், "அது எங்க கேம்ப்ல குடுக்குற சோதனை மாத்திரை பாப்பா. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. குடுக்குற டாக்டருக்கே எது யாருக்குன்னு தெரியாது." நீ தினமும் விழுங்கியதாக நோட்டில் கையெழுத்து வேறு போடுகிறாயாம்! டாக்டரை ஏமாற்றினாய், மாத்திரை இல்லாமல் கொசுக்காட்டில் படுத்து உன்னையும் ஏமாற்றிக்கொண்டாய், அம்மாவை என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் புட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சரின் அப்பா பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்தவர். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் மட்டும்னா போட்டிருக்கு, பேரே இல்லாத மருந்த யாராவது முழுங்குவாளோ?" என்று கத்தினார். காய்ச்சலிலும் காது இரையுமாம், மருந்திலும் இரையுமாம். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று உங்கள் பெரிய டாக்டரிடம் ஒட்டிய கவரில் இருக்குமாம், உயிருக்கு ஆபத்து என்றால் பிரிப்பார்களாம். அப்பாவிடம் சொன்னதற்கு, "வெளிய மூச்சு விட்ட, தோலை உரிச்சிடுவேன். அவன் வேலை போயிரும்டி" என்றார். அம்மாவோ ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள், என் பிள்ளை அனுப்பின மருந்தைவிட ஆஸ்பத்திரிக்காரன் குடுக்கறது ஒசத்தியா என்கிறாள்.

மிச்சமுள்ள மாத்திரைகளை எடுத்து என் ஜியாமெட்ரி பாக்சில் ஒளித்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் அம்மா கேட்பாள், அப்பா தேடுவார். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல், புட்டியில் உள்ள எண் 47, மறந்துவிடாதே. கவரைப் பிரிக்கச் சொல். மருந்தா மாவா என்று ஒரே வார்த்தையில் தந்தி அடி. கூடவே அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் அடி, நீ சொன்னால்தான் போவாள்.

அம்மாவின் ஆசி மேலே இருக்கிறது. எனக்கு அடி விழும், வாங்கிக்கொள்கிறேன். உனக்குக் கிடைப்பதை நீ வாங்கிக்கொள்.

உன் தங்கை,
ரோசரி