தெரிந்தும் பல் என்று சொன்னவனுக்கு

அங்குயோவுக்கு எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கென்ன குறை. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், உன் தங்கை அயிகோருவும்தான், அதற்கு நீ காரணமில்லை.

மார்ச்சில் அவள் தாடை வீங்கியபோது படம் எடுத்து உனக்குத்தான் முதலில் அனுப்பினேன், செல், மரபணு என்று ஆறு வருடமாக ஆராய்கிறவனாயிற்றே. நீ என்ன சொன்னாய்? "பல்லுல சீழ் புடிச்சிருக்கும்ப்பா, பிடுங்கிட்டா சரியாயிடும்." அருவா ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஏழு வயதுக் குழந்தை, என் சட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் வீக்கம் கண்ணை வெளியே தள்ளியது, மரவள்ளிக் களிகூட இறங்கவில்லை. பஸ் ஏறிக் கம்பாலாவுக்குத் தூக்கிவந்தேன்.

இங்கே நல்வோகா என்று ஒரு பெண் டாக்டர், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். செல் இரண்டாகப் பிரியுமுன் தனக்குள் இருக்கும் மரபணு எழுத்து முழுவதையும் ஒரே ஒரு தடவை நகலெடுக்க வேண்டுமாம், தொடங்க அனுமதி, எடுத்ததையே மறுபடி எடுக்காமலிருக்கத் தடை, பிழை வந்தால் நிறுத்திச் சரிபார்க்க ஏற்பாடு, எல்லாம் உள்ளேயே உண்டாம். "இந்தப் புத்துநோய்க் கட்டியில, பெருகச் சொல்ற மரபணு ஒண்ணு இடம் மாறி உக்காந்து அணையவே மாட்டேங்குதுய்யா, செல்லு அவசர அவசரமா நகலெடுத்து, உடைஞ்சதையும் அப்படியே பிரிச்சுக் குடுத்துடுது, ஒண்ணு ரெண்டு நாள்லயே கட்டி ரெட்டிப்பாகும்" என்றாள். ஒன்றிரண்டு நாள், கேட்டாயா. உன் பேச்சால் நாங்கள் தொலைத்தது மூன்று வாரம். நகலெடுக்கிற செல்லைத்தான் மருந்து போய் அடிக்கிறதாம், தலைமுடி கொட்டுவதும் அதனால்தானாம். என் மகனும் இதைத்தான் படிக்கிறான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப படத்தைப் பாத்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்குமே" என்றாள்.

வந்திருக்கிறது. உன் சித்தப்பா மகள் லெத்தாரு அழுதுகொண்டே சொன்னாள், அன்றைக்கே நீ அவளிடம், "இது பல்லு இல்ல, அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயமா இருக்கு" என்றாயாம். பயப்பட உனக்கு என்னடா உரிமை? பயந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான், நீ பொய் சொன்னாய்.

முதல் மருந்து ஏறி ஐந்தாம் நாள் வீக்கம் பாதியாக வற்றியது. இரண்டாவதும் ஏறிவிட்டது, மொட்டைத் தலையோடு பக்கத்துப் படுக்கைக்காரியை வம்புக்கிழுக்கிறாள். ஆனாலும் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை, "இன்னும் நாலு தடவை இருக்கு, பாப்போம்" என்கிறாள்.

உன் அம்மா உன்னை மன்னிக்கச் சொல்கிறாள். என்னால் முடியாது. மூன்றாம் மருந்து ஒன்பதாம் தேதி. ஊசி ஏறும்போது யாராவது அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படுக்கையருகே ஒரு நாற்காலிதான் உண்டு. அன்றைக்கு அதில் நீ உட்கார், நான் வராந்தாவில் நிற்கிறேன். என்னிடம் பேச வேண்டாம்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்பதாம் தேதிவரை சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள், மூக்கொழுகினால் வார்டுக்குள் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
எடேமா,
அயிகோருவின் அப்பா.